கண்ணாடிக்குள் போகாத சட்டை

ஆங்கரேஜ்
1986 அக்டோபர் 4

மாமன் மகன் எவோனுக்கு,

சட்டை முடிந்துவிட்டது. வசந்தத்தில் நீ அனுப்பிய தாடிக் கடல்நாயின் குடல் அத்தனையும் அதில் போய்விட்டது. உன் மனைவி ஓலின்காவிடம் சொல், அவள் ஊதிக் காயவைத்த குடலில் ஒரு பொத்தல்கூட இல்லை. நீ ஊதியிருந்தால் உன் பேச்சைப் போலவே பாதிக்குப் பாதி ஓட்டையாக இருந்திருக்கும். தையலுக்குள் வைக்கக் கடற்கரைப் புல்லும் போதுமானதாக இருந்தது. நனைந்தால் புல் உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்கிறது. குளியலறையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நெஞ்சுப் பகுதியில் குடல் பட்டைகளுக்கு நடுநடுவே எக்ஸ்ரே படத்தைப் பட்டையாக வெட்டித் தைத்திருக்கிறேன். அம்மாவின் எக்ஸ்ரே. இங்கே ஆஸ்பத்திரியில் பழைய படங்களைக் கழித்தார்கள், சொந்தக்காரர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, காசநோய் என்று அம்மாவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்திருந்த அந்த இரண்டு வருடத்துப் படங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் குடல் எது, படம் எது என்று சட்டென்று தெரியாது. கழுத்துப் பட்டியில் அப்பாவின் தீவுக்காரர்கள் தைக்கிற சிவப்பும் கறுப்புமான வேலை. ஆக, பாதி உங்கள் ஊர், பாதி அப்பாவின் தீவு, நடுவில் ஆஸ்பத்திரி. என் கதையும் அதுதானே.

இங்குள்ள ஓர் அருங்காட்சியகம் அதை வாங்க வந்திருக்கிறது. நம் யூப்பிக் மக்களின் கூடத்துக்குப் பொறுப்பான வெல்டன் என்கிற அம்மாள் சட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அற்புதமா இருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றாள். கழுத்துப் பட்டி அலூட் வேலையாம், அது பக்கத்துக் கூடத்துக்கு உரியதாம். எக்ஸ்ரே எந்தக் கூடத்துக்கும் உரியது இல்லையாம். இரண்டையும் எடுத்துவிட்டால் யூப்பிக் கூடத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டியில், நிரந்தர இடம். எடுக்காவிட்டால் காப்பிக்கடைக்குப் பக்கத்துப் புதுக்கலை மூலையில் கொஞ்ச நாள்.

"நீ யூப்பிக்கா அலூட்டான்னு முடிவு பண்ணிட்டு வான்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்று கேட்டேன்.

"நான் சட்டையைத்தான் சொன்னேன்," என்றாள்.

சட்டை போனால் முழுசாகப் போகும், இல்லாவிட்டால் போகாது. ஒரு நூலைப் பிரிக்க மாட்டேன். அந்தக் கூடத்தின் நடுவில் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து நிற்க வைத்துவிட்டுத்தான் ஓய்வேன்.

உன் வீட்டிலிருக்கும் என் அம்மா எப்படி இருக்கிறாள்? அம்மா இறந்த வருடமே பிறந்து அவள் பெயரை வாங்கிக்கொண்ட உன் மகளைப் பார்க்கும்போதெல்லாம், பன்னிரண்டு வயதில் அம்மா இவ்வளவு முரடாகவா இருந்தாள் என்று ஆச்சரியமாக இருக்கும். பெயரோடு ஆளும் திரும்பி வருவார் என்பார்களே நம் ஊரில், மகள் கேட்டதாக அர்னாக்கிடம் சொல்.

பராஸ்கா

*

நுனச்சுவாக்
அக்டோபர் 21

அத்தை மகளே, நகரத்து மகாராணியே,

உன் கடிதத்தைத் தபால் ஆபீசில் நின்றபடியே படித்தேன். அது என் தப்பு. தபால் ஆபீஸ் அகஃபியாவுக்குக் கடிதத்தைப் பிரிக்கவே வேண்டாம், படிக்கிறவன் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். நான் முகத்தை மூடவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தது.

உன்னைக் கல்யாணம் கட்டாமல் தப்பித்தேன் என்று ஓலின்காவிடம் சொன்னேன். "அவ தப்பிச்சான்னு சொல்லு," என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு இதுதான் மரியாதை.

கேலி போகட்டும். அந்தப் படத்தை எடுத்துவிடு. கழுத்துப் பட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. உன் அப்பா எங்கள் ஊரில் பெண் எடுத்த நாளிலிருந்தே தீவுக்காரன் கழுத்தை நாங்கள் சகித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் படத்தில் இருப்பது என் அத்தையின் எலும்பு. செத்தவள் எலும்பைச் சட்டையில் தைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாயா? நான் ஆங்கரேஜுக்கு வந்தால் அத்தையைப் பார்க்க டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்க வேண்டுமா?

அத்தை எங்கும் போகவில்லை. இப்போது என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டாள். அவளிடம் உன் சட்டையைப் பற்றிச் சொன்னேன். "என் எலும்பு எனக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டாள். நீயே வந்து பதில் சொல்.

அகஃபியா சொன்னதையும் அப்படியே எழுதிவிடுகிறேன். "வெக்கங்கெட்டவ. ஆத்தாளோட உள்ளுடம்ப ஊர் பாக்கத் தொங்கவிடுறா."

படத்தை எடுக்கும்வரை என்னிடமிருந்து குடல் கிடையாது. வேண்டுமானால் உன் வெல்டன் அம்மாளைத் துப்பாக்கியோடு பனிக்கட்டி மேல் அனுப்பிவை.

எவோன்

*

ஆங்கரேஜ்
நவம்பர் 15

எவோன்,

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறீர்கள். எடுத்துவிடு. வெல்டன் ஆங்கிலத்தில் சொல்கிறாள், நீ நம் மொழியில் சொல்கிறாய். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஆட்கள் கடல்நாயைச் செதுக்கினால் தோலுக்கு மேலேயே விலா எலும்பைக் கீறுவார்கள். நீயும் உன் தூண்டில் கட்டையில் அப்படித்தான் கீறியிருக்கிறாய், நான் பார்த்திருக்கிறேன். உயிர் உள்ளே நடமாடுகிறது என்று காட்டத்தானே அது? கடல்நாய்க்கு விலாவைக் காட்டலாம், மீனுக்குக் காட்டலாம், என் அம்மாவுக்குக் கூடாதா?

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. எனக்கு ஏழு வயது. விமானம் வந்தது. அம்மா கையில் ஒரு பை. "பல்லு தேய்ச்சுக்கோ," என்றாள், அவ்வளவுதான். அப்பா என்னைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பிள்ளைகள் என்னை வடக்கத்திக்காரி என்றார்கள். இரண்டு வருடம் கழித்து அம்மா திரும்பியபோது நீங்கள் எல்லாரும் என்னைத் தீவுக்காரி என்றீர்கள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அம்மா சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டால் எழுந்து போய்த் தேநீர் போடுவாள்.

இப்போது அந்த இரண்டு வருடம் என் கையில் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் தேதி போட்டிருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம் அது. அதில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எவோன். எனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

எடுக்க மாட்டேன். குடல் உன்னிடமே இருக்கட்டும்.

பராஸ்கா

*

நுனச்சுவாக்
1987 பிப்ரவரி 9

அத்தை மகளே,

குளிர்கால ஆட்டபாட்டத்துக்கு நீ வரவில்லை. உனக்கு வைத்திருந்த அகுத்தாக்கை, கிண்ணம் நிறையக் கொழுப்பும் காட்டுப் பழமுமாக, நானே சாப்பிட்டேன். அக்கரை ஊர் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கூடத்தில் காலை வைக்க இடமில்லை.

நான் உன்னைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினேன். ஒலிநாடா இத்துடன் இருக்கிறது. ஆனாலும் எழுதியும் விடுகிறேன், உன் பாட்டுப்பெட்டி கெட்டுப்போயிருக்கலாம்.

நகரத்துப் பெண் ஒரு சட்டை தைத்தாள்,
உள்ளே இருப்பதை வெளியே தைத்தாள்.
மழை வந்தால் எங்கே ஒளிவாள்?
தாயின் விலாவுக்குள் ஓடி ஒளிவாள்!

கடைசி வரிக்கு நான் முட்டி போட்டு, ஓலின்காவின் பாவாடைக்குள் தலையை நுழைக்கிற மாதிரி ஆடிக் காட்டினேன். கூடமே குலுங்கியது. திரும்ப ஆடு, திரும்ப ஆடு என்று கத்தினார்கள். அகஃபியா சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழன்று கையில் வந்துவிட்டது.

அடுத்த ஆட்டத்துக்கு வந்து என்னைப் பற்றிக் கட்டு. பனிவண்டியை ஆற்றுக்குள் விட்ட கதை இன்னும் யாரும் பாடாமல் கிடக்கிறது.

எவோன்

*

ஆங்கரேஜ்
பிப்ரவரி 20

எவோன்,

ஒலிநாடாவைக் கேட்டேன். ஊர் முழுக்கச் சிரிப்பது நன்றாகக் கேட்கிறது. என் அம்மா அழுத இரண்டு வருடத்தை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பராஸ்கா

*

நுனச்சுவாக்
மார்ச் 12

பராஸ்கா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

நீ கோபித்துக்கொண்டாய் என்று ஓலின்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "மாமன் மகன் கேலி பண்ணினதுக்கா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி நடமாடுகிறாள். ஊரில் யார் உன்னை எதைச் சொன்னாலும் நீ கோபித்துக்கொள்ளலாம். என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதற்குத்தானே மாமன் மகன், அத்தை மகள் என்று இருக்கிறோம்? மற்றவர்கள் உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நான் மத்தளத்தோடு சொல்வேன், நீ சிரிப்பாய், பிறகு உன் முறை வரும். இது உரிமைகூட இல்லை, கடமை. உன்னைப் பாட்டில் வைத்ததால்தான் ஊர் உன்னை இன்னும் தன் ஆள் என்று நினைக்கிறது. வெல்டன் அம்மாளைப் பற்றி யாராவது பாட்டுக் கட்டினார்களா?

நகரத்தில் இருந்து இருந்து இதை எப்படி மறந்தாய்? எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். அத்தையைக் கொண்டுபோன அன்று நானும் விமானத் தளத்தில்தான் நின்றேன். மறந்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய், மறக்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி ஜன்னலில் அத்தை முகம் தெரிந்தது. கையை ஆட்டினேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு தரம் கண்ணாடிக்குப் பின்னால் அவளை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் எடு என்றேன். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கேலிதான் சுலபமாக வருகிறது.

எவோன்

*

ஆங்கரேஜ்
ஏப்ரல் 6

மாமன் மகனே,

கிழிக்கவில்லை.

கோபித்தது தப்புதான். ஆனால் அந்த முட்டி போட்ட ஆட்டத்தை உன் தொப்பையோடு எப்படி ஆடினாய் என்று யோசித்தேன், கோபம் நிற்கவில்லை. பனிவண்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டேன். ஐந்து சரணம் வரும். நீ அழுததும் அதில் உண்டு.

இங்கே நடந்ததைக் கேள். போன வாரம் அருங்காட்சியகத்தின் பெரிய மனிதர்கள் கூடிச் சட்டையைப் பார்த்து முடிவு சொல்லப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. பெட்டியில் வைத்து, மெல்லிய காகிதம் சுற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டையை உடுத்திக்கொண்டேன். முக்காட்டை இழுத்துவிட்டு, பேருந்துக்கும் காத்திருக்காமல் நடந்தே போனேன். கார்க்காரர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடுத்தெருவில் நடந்தேன்.

வாசலில் வெல்டன் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, நனைச்சிட்டியே! பொருளை நனைச்சிட்டியே!"

"பொருள் இல்லம்மா, மழைச்சட்டை," என்றேன். "நனையாட்டிதான் கெட்டுப்போகும். காஞ்ச குடல் சருகு மாதிரி நொறுங்கும்."

பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நான் போட்டிருந்த பருத்திச் சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒருவர் தொட்டார். "காஞ்சிருக்கு," என்று மற்றவர்களிடம் சொன்னார். பின்னால் விளக்கு இருந்ததால் அம்மாவின் விலா முழுக்கத் தெரிந்தது. பிறகு வெல்டன் அதே பழைய பாட்டைப் பாடினாள். பட்டியும் படமும் இல்லாமல் கொடுத்தால் இன்றைக்கே கையெழுத்து.

"உங்க ரெண்டு கூடத்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கே, அதை எடுங்க. நானும் எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அதே மழையில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆக, சட்டை என் அறைக் கதவில் தொங்குகிறது. உள்ளே எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்குமே. எனக்குக் கொஞ்சம் அழுகை வருகிறது, ஆனால் பயமில்லை.

பராஸ்கா

*

நுனச்சுவாக்
மே 3

அத்தை மகளே,

உடனே புறப்படு. உன் அம்மா கடல்நாய் அடித்துவிட்டாள்!

நேற்று பனிப்பாளங்களுக்கு நடுவே படகில் போனோம். நான் சுக்கானில் இருந்தேன். அர்னாக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாடிக் கடல்நாய் பாளத்தில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "இப்ப சுடு," என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சுட்டுவிட்டாள். ஒரே குண்டு. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பேசிட்டே இருந்தா அது போயிருக்கும்," என்றாள். சாகும்வரை அத்தை என்னை எப்படிப் பேசினாளோ அதே குரல். கரைக்கு இழுத்ததும் யாரும் சொல்லாமலே அதன் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றினாள். கடலில் கிடந்து தாகமாக இருக்குமே என்றாள்.

முதல் கடல்நாய். சனிக்கிழமை பெண்கள் விருந்து. கறியையும் கொழுப்பையும் ஊர்ப் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டு, வாசல் மேடையிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் சாமான்களை எறிய வேண்டும். ஓலின்கா தேயிலை, சோப்பு, ஊசி, நூல் என்று மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சீட்டித் துணியை எல்லாருக்கும் வரும்படி பட்டை பட்டையாகக் கிழிக்கிறாள். அடித்தவளுக்கு ஒரு துண்டுக் கறிகூடக் கிடையாது, எறிகிற வீட்டுப் பெண்கள் எதையும் பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அர்னாக்கின் மகளாகப்பட்ட நீ மேடையில் நிற்காவிட்டால் எனக்கு ஒரு புதுப் பாட்டுக் கிடைக்கும்.

சட்டையைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அம்மா, உன் தையல். உடுத்திக்கொண்டு வருவதானாலும் வா.

எவோன்

*

ஆங்கரேஜ்
மே 14

மாமன் மகனே,

உன்னோடு உட்கார்ந்து பேசக்கூட முடியவில்லை. மூடுபனி வருகிறது, இப்போதே ஏறு என்று விமானி அவசரப்படுத்திவிட்டான். நீங்கள் ஆண்கள் வழக்கம்போலப் படகுத்துறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி கதை உன் காதுக்கு வந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

காலையிலிருந்தே தூறல். அதனால்தான் சட்டையை உடுத்திக்கொண்டு மேடையில் நின்றேன், வேறு எந்தத் திட்டமும் எனக்கு இல்லை. கீழே பெண்கள் பையும் வாளியுமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஓலின்கா எறிந்தாள். அர்னாக் அம்மா எறிந்தாள், அவள் கை நீளம், கடைசி வரிசை வரைக்கும் சோப்புப் பறந்தது. நான் நகரத்திலிருந்து கொண்டுபோன கையுறைகளை எறிந்தேன். எல்லாம் தீர்ந்துபோய்ப் பெண்கள் கலையப்போகும் சமயம் அகஃபியா முன்னால் வந்து நின்றாள்.

"கையுறைதானா? கடையில எங்களுக்கும் கெடைக்கும். மக நீ என்ன எறியப்போற?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா? சிரித்தேன். ஆனால் அகஃபியா சிரிக்கவில்லை. விரலை நீட்டி என் நெஞ்சைக் காட்டினாள்.

"அவளும் நானும் ஒண்ணா வளந்தவளுக. ஒரே அடுப்புல சமைச்சவளுக. அவளக் கொண்டு போனப்ப எப்ப வருவான்னு ஒருத்தரும் சொல்லல. வர்ற விமானத்துக்கெல்லாம் போயிப் போயி நின்னேன். அந்த ரெண்டு வருசம் உனக்கு மட்டுமா இல்லாமப் போச்சு? எனக்குந்தான். என் பங்கக் குடு."

அவள் என்னை வெட்கங்கெட்டவள் என்று சொன்னது படத்தைத் தைத்ததற்காக இல்லை, நானே வைத்துக்கொண்டதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சட்டையைக் கழற்றினேன். "உலுவாக் கத்தி கொண்டாங்க," என்றேன். "பைத்தியமாடி நீ, அத்தன மாசம் தைச்சத!" என்று ஓலின்கா கத்தினாள். அம்மா உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சட்டையின் அடுத்த முனையை இறுக்கிப் பிடித்தாள். நனைந்த குடல், கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. கழுத்துப் பட்டியை வெட்டும்போது அப்பா நினைவு வந்தது, அவரையும் எறிந்தேன். நெஞ்சுக்கு வந்தபோது கத்தியை நிறுத்தினேன். அம்மாதான், "வெட்டு," என்றாள்.

விலாவை விலாவாக எறிந்தேன். அகஃபியா அவ்வளவு உயரம் குதிப்பாள் என்று யார் நினைத்தார்கள்? இதயத்தின் நிழல் விழுந்த பட்டை அவள் கையில்தான் போய் விழுந்தது. அதைத் தூறலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "வந்துட்டா," என்றாள். அதைக் குஸ்புக் சட்டையின் பெரிய பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் மேடையில் நானும் அம்மாவும் கையை விரித்துக்கொண்டு நின்றோம். எறிகிற வீட்டுக்காரிகளுக்கு ஒன்றும் கிடையாதே. எடுத்துவிடு என்று கேட்டவர்களுக்கு ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை, எவோன். கொடு என்று கேட்டவர்களுக்கு முழுசாகக் கொடுத்தேன். விமானத்தில் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். தைத்த கைக்கு வலிக்காமல் இருக்குமா? ஆனால் யாராவது இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரமும் வெட்டுவேன்.

பராஸ்கா

*

நுனச்சுவாக்
ஜூலை 8

அத்தை மகளே,

உன் சட்டை ஊர் முழுக்கத் திரிகிறது. அக்கரைக்காரி ஒருத்தி தன் குடல் பட்டையை மீன் புகைபோடும் குடிசைக்கு ஜன்னலாக வைத்துவிட்டாள். நல்ல வெளிச்சம் வருகிறதாம். உன் அப்பாவின் கழுத்துப் பட்டி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவளின் தொப்பியில் இருக்கிறது. தீவுக்காரன் ஒருவழியாக எங்கள் ஊரில் தலைக்கு ஏறிவிட்டான்.

உன் வெல்டன் அம்மாள் தபால் ஆபீசுக்குத் தொலைபேசியில் பேசினாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்து அனுப்ப முடியுமா, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், இனி எதையும் எடுக்கச் சொல்ல மாட்டோம் என்றாளாம். அகஃபியாவின் பதிலைத் தெருவில் நின்று நானே கேட்டேன், அவள் தொலைபேசியில் பேசினால் ஊருக்கே தொலைபேசி தேவையில்லை.

"என்கிட்ட இருக்கறது என்னோடது. அது வேணும்னா என்னையும் சேத்துக் கண்ணாடிப் பெட்டியில வெய்யி. நான் நிறையப் பேசுவேன், பரவால்லையா?"

முந்தாநாள் ஆட்டம் இருந்தது. உன்னைப் பற்றிய பாட்டைத்தான் கேட்டார்கள். நான் முன்னால் முட்டி போட்டுத் தயாரானேன். எனக்குப் பின்னால் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். கூடத்தில் சிரிப்பு இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். எக்ஸ்ரே பட்டை கிடைத்தவர்கள் எல்லாரும் அதைக் குஸ்புக்கின் நெஞ்சில் தைத்திருந்தார்கள். மேலே இருந்த விளக்கின் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. ஒவ்வொருத்தியிடமும் ஒரு விலா. நடுவில் அகஃபியா, இதயத்தோடு. அவள் பக்கத்தில் நெஞ்சில் பட்டை எதுவும் தைக்காமல் அர்னாக்.

மத்தளம் அடித்தது. எல்லாரும் ஒன்றாக முழங்காலை மடக்கி நிமிர்ந்தார்கள், அத்தை படத்தில் பிடித்திருந்த மூச்சை விட்டாள். பராஸ்கா, நான் பார்த்தேன். கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லை. என்னால் பாட முடியவில்லை. மாமன் மகன் பாட்டை மறந்துவிட்டான் என்று இப்போது என்னைப் பற்றி ஊரே பாட்டுக் கட்டுகிறது.

எவோன்

*

ஆங்கரேஜ்
ஆகஸ்ட் 1

மாமன் மகனே,

அழுமூஞ்சி. ஆறாவது சரணமும் வந்துவிட்டது.

வெல்டன் என்னிடம் வந்தாள். களைத்துப்போயிருந்தாள். சட்டைக்கென்று செய்த கண்ணாடிப் பெட்டி காலியாக நிற்கிறது, இன்னொன்று தைத்துத் தருவாயா, எப்படி வேண்டுமானாலும் தை என்றாள். முடியாது என்றேன். பெட்டியை அப்படியே காலியாக வைத்தால் அதற்கு ஓர் அறிவிப்பு எழுதித் தருகிறேன் என்றேன். எங்கே வைப்பது என்று கேட்டாள். இரண்டு கூடத்துக்கும் நடுவில், வாசற்படியில், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகும்படி. "ஜனங்க இடிச்சுக்குவாங்களே," என்றாள். இடித்துக்கொள்ளட்டும் என்றேன். மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, எழுதிவிட்டேன். நம் மொழியில், அப்பாவின் மொழியில், அவர்கள் மொழியில், மூன்றிலும், என் முழுப் பெயரோடு.

"இது பராஸ்கோவியா தைத்த மழைச்சட்டையின் இடம். சட்டை இங்கே இல்லை. அதை உடுத்தியிருக்கிறார்கள்."

பராஸ்கா